கேள்வி-பதில்: பில்ஸ்னரில் வெண்ணெய் வாசம்

பீர் காய்ச்சும்போது, கொதிக்கும்போதே ஹாப்ஸ் போடுகிறார்கள். அப்புறம் பில்ஸ்னருக்கு எதற்கு டிரை ஹாப்?
– வாசகர், திருப்பூர்

இரண்டுக்கும் வேலை வேறு. ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ; பில்ஸ்னர் என்பது லாகர், அதாவது குளிரில் நொதிக்கும் பீரில் ஒரு வகை. ஒரு மணி நேரம் கொதிக்கும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். அதன் வாசனை எண்ணெயெல்லாம் ஆவியோடு போய்விடும். நொதிப்பு முடியும் தறுவாயில் பீருக்குள் ஹாப்ஸைப் போட்டு ஊறவிடுவதுதான் டிரை ஹாப். கசப்பு பெரிதாக ஏறாது, வாசனை இறங்கும். ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பீர் என்றால் லிட்டருக்கு 8 கிராமுக்கு மேலும் போடுவார்கள். பில்ஸ்னருக்கு 2 முதல் 3 கிராம் போதும். மீறினால் மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ருசி அமுங்கி, பச்சைப்புல் வாசமும் துவர்ப்பும்தான் மிஞ்சும்.

பெங்களூரில் சின்ன ப்ரூவரி ஒன்றில் வேலைங்க. 500 லிட்டர் பில்ஸ்னரை 2 டிகிரிக்குக் குளிர வைத்து, ஒன்றரைக் கிலோ ஹாப்ஸ் போட்டோம். டேங்கில் நன்றாகத்தான் இருந்தது. கெக்கில் (உலோகப் பீப்பாய்) அடைத்து, கோல்ட் ரூமில் இடமில்லாமல் சிலதை வெளியே வைத்தோம். இப்போது நம்மூர் வெண்ணெயாட்டம் வாசம் அடிக்குது, திறந்தால் நுரையாகப் பொங்குது. ஈஸ்ட் கெட்டுப்போச்சுங்களா?
– வாசகர், ஊத்துக்குளி

ஈஸ்ட் மேல் பழி போடாதீர்கள். அளவும் சரி; ஹாப்ஸ் போட்ட நேரம்தான் தப்பு. ஹாப்ஸில் மாவுப்பொருளை உடைக்கும் நொதிகள் கொஞ்சம் உண்டு. கொதிக்க வைத்தால் அழிந்துபோகும் அவை, டிரை ஹாப்பில் உயிரோடு இறங்குகின்றன. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை உடைத்துச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் மறுபடி நொதிக்கத் தொடங்கும். இதற்கு ஹாப் கிரீப் என்று பெயர். இங்கிலாந்தில் பிரௌன், மோரிஸ் என்ற இருவர் 1893-லேயே இந்த நொதிகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். உங்கள் டேங்கின் குளிரில் அடங்கிக் கிடந்த இந்த வேலை, வெளியே வைத்த கெக்கில் சூடு ஏறியதும் நடந்திருக்கிறது. நுரைக்குக் காரணம் புதிதாக உண்டான வாயு. வெண்ணெய் வாசத்துக்குக் காரணம் டயசெட்டில் என்ற பொருள். நொதிப்பின்போது ஈஸ்ட் வெளிவிடும் பொருளிலிருந்து உண்டாவது. சுறுசுறுப்பான ஈஸ்ட் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கெக்கில் அதற்குப் போதுமான ஈஸ்ட் இல்லை.

அடுத்த முறை, நொதிப்பு முடிய ஒரு டிகிரி பிளாட்டோ (சர்க்கரைச் செறிவின் அளவு) பாக்கி இருக்கும்போதே 14 டிகிரிக்கு ஏற்றி, அடியில் தங்கிய ஈஸ்டை வடித்துவிட்டு ஹாப்ஸ் போடுங்கள். மூன்று நான்கு நாள் அந்தச் சூட்டிலேயே இருக்கட்டும். ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு நாள் தொடர்ந்து இறங்காமல் நிற்க வேண்டும். பிறகு இரண்டு மூடிய பாட்டிலில் சாம்பிள் எடுங்கள். ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடு காட்டியதில் வெண்ணெய் வாசம் வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள். வாசம் இல்லையென்றால் ஹாப்ஸை வடித்துவிட்டு, நாளுக்கு 2 டிகிரி வீதம் 1 டிகிரிவரை இறக்கி, மூன்று நான்கு வாரம் ஆறப்போடுங்கள்.

ஹாப்ஸ் போடுமுன் டேங்கின் அழுத்தத்தை மெதுவாக, முழுவதும் இறக்குங்கள். வாயு நிறைந்த பீரில் ஹாப்ஸ் பெல்லட் (அழுத்திய குளிகை) விழுந்தால் ஒவ்வொரு துகளிலும் குமிழி கிளம்பி, பீர் மேல்வாய் வழியாகப் பீறிடும். ஆள்மேல் அடித்த விபத்துகள் உண்டு. மூடி திறந்திருக்கும்போது கார்பன் டை ஆக்சைடை மெல்ல விட்டுக்கொண்டே இருங்கள். ஆக்சிஜன் புகுந்தால் ஹாப் வாசனை போய், நாளடைவில் அட்டைப்பெட்டி வாசம் வரும்.

டேங்கில் மிச்சம் இருந்தால் காப்பாற்றலாம். 14 டிகிரிக்கு ஏற்றி, மும்முரமாக நொதிக்கும் புது லாகரில் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். கெக்குகளை உடனே குளிருக்குக் கொண்டுபோய் அழுத்தத்தைக் குறையுங்கள். அவற்றை விற்பனைக்கு விட வேண்டாம்.

சிறுவாணித் தண்ணீர் பில்ஸ்னருக்கு ஏற்றதா?
– வாசகர், வடவள்ளி

ஏற்ற வகைதான். 1842-ல் பில்சன் நகரில் யோசப் கிரோல் முதல் பில்ஸ்னரைக் காய்ச்சியபோது, அந்த ஊர்த் தண்ணீரின் மென்மை அதற்குப் பெரிய பலம். ஆனால் குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர். கார்பன் ஃபில்டரில் விடாமல் காய்ச்சினால் மருந்து வாசம் வந்துவிடும். நம் பக்கத்து போர் தண்ணீரை அப்படியே பயன்படுத்தவே கூடாது. அதன் காரத்தன்மை மேஷின் (அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கலவை) பிஎச்சை 5.2–5.4-க்கு மேலே தூக்கி, உமியின் துவர்ப்பை இழுத்துவிடும். ஆர்ஓ தண்ணீர் என்றால் 500 லிட்டருக்கு 50 கிராம் கால்சியம் குளோரைடு (டைஹைட்ரேட்) சேர்த்தால் லிட்டருக்கு 27 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும்.

கோத்தகிரியில் ஹாப்ஸ் வளருமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

கொடி வளரலாம், லாபமாகப் பூக்காது. கோடையில் நீண்ட பகலும் கடுங்குளிர்காலமும் அதற்கு வேண்டும். நம் அட்சரேகையில் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டாது. இந்தியாவில் ஹாப்ஸ் விளைவது இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில்.

வீட்டுக்கு மட்டும் 20 லிட்டர் காய்ச்சலாமா?
– வாசகர், சேலம்

கூடாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததே உங்கள் மாவட்டத்தில்தான். உரிமம் இல்லாமல் காய்ச்சுவது, சொந்தமாகக் குடிக்க என்றாலும் தமிழ்நாட்டில் குற்றம். தொழிலைக் கற்க ஆசையென்றால், உரிமம் பெற்ற ப்ரூவரியில் வேலைக்குச் சேருங்கள்.