கிளாஸ்ல சினிமா போடலாமா? கேளுங்க, அக்கா சொல்றேன் (நம்ம தென்னாப்பிரிக்கா வாத்தியார், டீச்சர்களுக்கு)

சாட்ஸ்வர்த்திலிருந்து: அக்கா, காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயருக்கு ஹிஸ்டரி எடுக்குறேன், 'காந்தி' படத்த முழுசா போடலாமா?

வேணாம் தம்பி. 191 நிமிஷம் ஓடும், நடுவுல லோட் ஷெடிங் வந்தா அவ்ளோதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன்ல காந்திய ரயிலவிட்டு தள்ளிவிடுற சீன் மட்டும் போடுங்க. முடிஞ்சதும் லைட்டப் போட்டு, சுயசரிதைல அந்த 1893 ஜூன் ராத்திரி வர்ற பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து கையில குடுங்க. ஓவர்கோட்டு லக்கேஜுல மாட்டிக்கிச்சு, கேட்டா மறுபடி அவமானப்படுத்துவாங்களோன்னு கேக்காமலே வெயிட்டிங் ரூம்ல நடுங்கிட்டு உக்காந்திருந்ததா எழுதியிருப்பார். ஜூன் மாச மாரிட்ஸ்பர்க் குளிரு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியாததா? படத்துல எது இருக்கு, எது விட்டுப்போச்சுன்னு தேடச் சொல்லுங்க, அப்புறம் நீங்க வாயத் தொறக்கவே வேண்டியிருக்காது.

லெனேசியா: படம் ஓடுறப்ப எல்லாம் போன நோண்டுதுங்க அக்கா.

படம் போடுறதுக்கு முன்னாடியே கேள்விய போர்டுல எழுதிடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். முழுப்படம் பாக்க ஆசப்படுறவங்க லைப்ரரில பாக்கட்டும்.

ஃபீனிக்ஸ்: கறுப்பின மக்களுக்காகப் போராடின ஸ்டீவ் பீக்கோ படம்னு சொல்லி 'க்ரை ஃப்ரீடம்' போட்டேன், பாதிப் படம் வெள்ளக்கார பத்திரிகை எடிட்டர் குடும்பத்தோட தப்பிச்சு ஓடுற கதை, பசங்க செம கடுப்பு. இனிமே போடலாமா?

கண்டிப்பா போடுங்க, அந்தக் கடுப்புலதான் பாடமே இருக்கு. 1987ல வந்த படம், 'காந்தி' எடுத்த அதே டைரக்டர் அட்டன்பரோ, அந்த எடிட்டர் டொனால்ட் உட்ஸ் எழுதின புத்தகங்கள வச்சு எடுத்தது, அப்ப இங்க அபார்ட்ஹைட், அதான் நிறவெறி ஆட்சி, நடந்துட்டிருந்துச்சு, அதனால ஜிம்பாப்வேல ஷூட்டிங். 1988ல சென்சார் ஓகே சொல்லியும் ரிலீஸ் ஆன அன்னிக்கே போலீஸ் தியேட்டருக்கு வந்து ரீலத் தூக்கிட்டுப் போயிருச்சு. 1977ல போலீஸ் காவல்ல செத்த பீக்கோ, பதினோரு வருஷம் கழிச்சு திரையில வந்தாக்கூட இவங்களுக்கு ஆகல. ஆக, யாருக்காக எடுத்தாங்க, யாரு பயந்தாங்கன்னு ரெண்டையும் கேளுங்க. பீக்கோவப் பத்தின பாடமா மட்டும் வச்சா படம் பத்தாது, எண்பதுகளப் பத்தின பாடமாவும் வச்சுப் பாருங்க.

வெருலம்: இந்தியாவுலேர்ந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்தவங்களப் பத்தி சொல்லித்தர எந்தப் படம் அக்கா?

படத்தத் தேடாதீங்கம்மா, புள்ளைங்களையே சீன் எழுத வைங்க. 1860ல மெட்ராஸ்லேர்ந்து வந்த 'ட்ரூரோ' கப்பல்ல தொடங்கி, வந்த ஆளுங்க லிஸ்ட் இருக்கு. பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஊரு, உடம்புல உள்ள தழும்பு வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க. ஆளுக்கு ஒரு வரி குடுத்து, இத வச்சு ஒரு சீன் எழுதுங்க, லிஸ்ட்ல இல்லாம நீங்களா சேத்தது எதுன்னு அடிக்கோடு போடுங்கன்னு சொல்லுங்க. ஒரு பக்கத்துக்கு மேல வாங்காதீங்க, திருத்தப்போறது நீங்கதான்.