மரியாதை வேட்டின் குண்டு எங்கே போய் விழுகிறது?

கேள்வி: அரச விழாக்களில் 21 மரியாதை வேட்டுகள் தீர்க்கிறார்களே, அது ஏன் 21? அந்தக் குண்டுகளெல்லாம் எங்கே போய் விழும்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கும் விழாது. உள்ளே குண்டே இல்லை, வெடிமருந்து மட்டும்தான்.

இதை எனக்கு முதலில் விளக்கியவர் அம்மம்மா. திருகோணமலையில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஷெல்லுக்கு, அதாவது பீரங்கிக் குண்டுக்கு, இரண்டு சத்தம் என்று தெரியும்: புறப்படும்போது ஒன்று, விழும்போது ஒன்று. ஒரு நாள் காலை துறைமுகப் பக்கம் 'டும்' என்றது. நான் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மம்மாவின் கை அப்படியே நின்றது. மீண்டும் 'டும்'. மீண்டும். மணிக்கூடு பார்த்து அடிப்பதுபோல ஒரே இடைவெளி.

"விழுகிற சத்தம் கேட்கவில்லையே, பிள்ளை. வெளியே வா. ஏதோ கப்பலுக்கு மரியாதை செய்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் திருவலைக்குத் திரும்பினார்.

அம்மம்மா சொன்னதில்தான் இந்த வழக்கத்தின் வரலாறே இருக்கிறது. பழைய பீரங்கியை ஒரு தடவை சுட்டால், மறுபடி மருந்தும் குண்டும் இடித்து நிரப்பக் கணிசமான நேரம் பிடிக்கும். அந்நியத் துறைமுகத்துக்குள் நுழையும் போர்க்கப்பல் தன் பீரங்கிகளை முன்கூட்டியே சுட்டுத் தீர்த்துவிட்டால், "என் கையில் இப்போது ஒன்றுமில்லை" என்று கரைக்குக் காட்டியதாகிவிடும். கும்பிடுகிற கையில் கத்தி இல்லை என்று விரித்துக் காட்டுவதுபோல.

இனி 21. கப்பல்கள் 7 வேட்டு தீர்ப்பது வழக்கமாக இருந்தது. ஈரக் கடற்காற்றில் மருந்து கெட்டுவிடும், இடமும் குறைவு. கரையில் மருந்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே கப்பலின் ஒரு வேட்டுக்கு மூன்றாகக் கரைக் கோட்டை பதில் கொடுத்தது. ஏழு மூன்று இருபத்தொன்று. பிறகு மருந்தின் தரம் கூடியதும் கப்பல்களும் 21-க்கு வந்துவிட்டன. இதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒற்றைப்படை எண் மங்கலம், இரட்டைப்படை துக்கம் என்ற மாலுமிகளின் நம்பிக்கையும் இதில் சேர்ந்திருக்கிறது. மொய்ப்பணத்தில் ஒரு ரூபாய் கூட்டி வைக்கிற நமக்கு இது புதிதல்ல.

இடைவெளி தவறாமலிருக்க பிரித்தானியக் கடற்படைப் பீரங்கிக்காரர்கள், "நான் பீரங்கிக்காரனாக இல்லாவிட்டால் இங்கே நின்றிருக்க மாட்டேன்" என்ற ஒரு வரியை வாய்க்குள் முணுமுணுத்து அளந்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்த விவரம் இதுதான்.

ஆனால் 21 எங்கும் மாறாத எண் என்று நினைக்க வேண்டாம். இலங்கைச் சுதந்திர தினமான பெப்ரவரி 4 அன்று கடற்படை கொழும்பில் நாட்டுக்காகத் தீர்ப்பது 25. இலண்டன் கோபுரக் கோட்டையில் அரச விழாக்களுக்கு 62 வரை போகும். பிரித்தானியர் இந்தியச் சமஸ்தான மன்னர்களையே வேட்டுக் கணக்கில் வரிசைப்படுத்தினார்கள்: மைசூருக்கு 21, திருவிதாங்கூருக்கு 19, புதுக்கோட்டைக்கு 17. ஒரு வேட்டு கூடுமா குறையுமா என்று அரண்மனைகள் தவித்ததை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

படைவீரர்களின் இறுதிச் சடங்கில் மூன்று தடவை சுடுவதையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு மரபு, அங்கே சுடுவது துப்பாக்கியால். அதிலும் குண்டு கிடையாது. வெறும் சத்தம்தான்.