‘புட் ஓஃப்’ என்றால் ரத்தா, ஒத்திவைப்பா?

கேள்வி (வெள்ளவத்தை வாசகி ஒருவர்): கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகிறது. போன கிழமை ‘த மீற்றிங் ஹாஸ் பீன் புட் ஓஃப்’ என்று மெயில் வந்தது. ஓஃப் என்று இருந்ததால் மீற்றிங்கே இல்லை என்று நினைத்து எடுத்துவைத்த கணக்குகளை எல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். திங்கட்கிழமை கூப்பிட்டுக் கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. புட் ஓஃப் என்றால் ரத்து இல்லையா? அகராதியைப் பார்த்தால் வெறுப்பு, கவனச்சிதறல் என்றும் போட்டிருக்கிறது. எதைத்தான் எடுப்பது?

பதில்: ரத்து இல்லை தங்கச்சி, ஒத்திவைப்பு. ரத்து என்றால் ‘கோல் ஓஃப்’. இரண்டிலும் ஓஃப் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வில்லங்கம். லைற் ஓஃப், ஃபேன் ஓஃப், கறன்ட் ஓஃப் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஓஃப் என்றாலே நின்றுபோனது என்றுதான் படும். புட் ஓஃப் என்பதில் அந்த ஓஃப்புக்கு ‘அப்பால்’ என்று பொருள் வைத்துப் பாருங்கள், சரியாக வரும்: குறித்த நாளில் இருந்து தூக்கி அப்பால் வைத்துவிட்டார்கள். ஆனால் புதுத் திகதியைப் போடாமல் அந்த மெயிலை அனுப்பியவருக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2020 இல் பாராளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 25 என்று குறித்தார்கள், கொரோனா வந்ததும் அது ஜூன் 20 க்குப் போனது, அதுவும் சரிவராமல் கடைசியில் ஓகஸ்ட் 5 இல் நடந்தது. அந்தத் தேர்தல் இரண்டு தரம் புட் ஓஃப் ஆனது என்று தாராளமாக எழுதலாம். உள்ளூராட்சித் தேர்தல் கதை இன்னும் சுவாரசியம். 2023 மார்ச் 9 என்று சொன்ன தேர்தலுக்கு நாங்கள் வாக்குப் போட்டது 2025 மே 6 இல். அதற்கு முன் பழைய வேட்புமனுக்களைச் சட்டம் போட்டு ரத்துச் செய்து புதிதாகக் கோரினார்கள். ஆக, ரத்தானது மனுக்கள், தேர்தல் புட் ஓஃப் ஆனது மட்டுமே, என்னதான் இழுத்தடித்தாலும்!

கோல் ஓஃப்புக்குக் கிரிக்கெட்டைவிட வேறென்ன வேண்டும்? 2002 சாம்பியன்ஸ் கிண்ண இறுதிப்போட்டி, பிரேமதாச மைதானம், இலங்கையும் இந்தியாவும். முதல் நாள் மழை கெடுத்ததால் அடுத்த நாள் முதலில் இருந்து ஆடினார்கள், அன்றும் மழை விடவில்லை, ஆட்டத்தைக் கைவிட்டுக் கிண்ணத்தை இரண்டு அணிக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டாவது நாள் நடந்ததுதான் கோல் ஓஃப். அதற்குப் பிறகு இன்னொரு நாள் கிடையாது. (புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கை நடுவில் நிறுத்தி வேறு தவணை கொடுத்தால் அது ‘அட்ஜேர்ன்’. தொடங்காததைத் தள்ளிவைப்பதுதான் பெரும்பாலும் புட் ஓஃப்.)

சரி, வெறுப்பும் கவனச்சிதறலும் எங்கிருந்து வந்தன? இங்கே ஒரு வழி சொல்கிறேன், பத்தில் ஒன்பது இடத்தில் உதவும். எதை அல்லது யாரை ‘புட் ஓஃப்’ செய்கிறார்கள் என்று பாருங்கள். மீற்றிங், கலியாணம், பரீட்சை, பயணம் என்று ஒரு காரியமாக இருந்தால் ஒத்திவைப்பு. ஓர் ஆளாக இருந்தால் கதை வேறு. அப்போது அப்பால் போவது அந்த ஆளின் மனம், அல்லது அவருடைய கவனம், அல்லது அவரேதான்.

காலி வீதியில் துரியன் பழம் குவித்து வைத்திருக்கும் இடத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிறவர் ‘த ஸ்மெல் புட்ஸ் மீ ஓஃப்’ என்பார். அந்த மணமே அவரைக் கிட்ட அண்ட விடவில்லை. (எனக்கு அந்த மணம் பிடிக்கும், அது வேறு விடயம்.) வீடு வாடகைக்குப் பார்க்கப் போய், இடம் எல்லாம் பிடித்திருந்தும் வீட்டுக்காரரின் பேச்சு பிடிக்காமல் திரும்பி வந்தால் ‘ஹிஸ் மேனர் புட் மீ ஓஃப்’. பிள்ளை மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து பாண் ஓட்டோ பீத்தோவனின் மெட்டை அலறவிட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறது, பிள்ளை ‘தட் மியூசிக் இஸ் புட்டிங் மீ ஓஃப்’ என்கிறது. இதில் வெறுப்பு இல்லை, கவனம்தான் கலைந்தது. அப்புறம் கடன் கேட்டுப் போனவரிடம் நாளைக்கு வா, சம்பளம் வரட்டும், மனுசி ஊரில் இல்லை என்று சாக்குச் சொல்லி அனுப்பினால் அதற்கும் ‘ஹி புட் மீ ஓஃப் வித் எக்ஸ்கியூசஸ்’. நீங்கள் வெறுப்பு என்று பார்த்ததும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். பெயரடையாக வரும் ‘ஓஃப் புட்டிங்’ இந்த வெறுப்புப் பக்கத்துக்கு மட்டுமே உரியது. தள்ளிப்போன கலியாணத்தை ‘ஓஃப் புட்டிங் வெடிங்’ என்று எழுதிவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம். சாமுவேல் ஜோன்சன் 1755 இல் வெளியிட்ட தன் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு இப்படி ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றுவதுதான் அந்நியருக்குப் பெரிய கஷ்டம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவர்): ‘ஐ புட் ஓஃப் டு கோ’ என்றும் ‘ஐ புட் ஓஃப் இட்’ என்றும் எழுதினேன். சேர் இரண்டையும் வெட்டிவிட்டார். ஏன்?

பதில்: சேர் வெட்டியது சரி தம்பி. புட் ஓஃப்புக்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ வடிவம்தான் வரும்: ‘ஐ புட் ஓஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்’. இரண்டாவது, இட், தெம், ஹிம் போன்ற சின்னச் சொற்கள் நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘புட் இட் ஓஃப்’. பெயர்ச்சொல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ‘புட் த எக்ஸாம் ஓஃப்’, ‘புட் ஓஃப் த எக்ஸாம்’ இரண்டும் சரி. ஆனால் ‘போன வருடம் நடக்காமல் விட்ட இரண்டாம் தவணைப் பரீட்சை’ என்கிற அளவுக்கு நீளமான ஒன்றை நடுவில் செருகினால் ஓஃப் வந்து சேரும்போது வாசிப்பவர் புட்டை மறந்துவிடுவார், அதைப் பின்னால் போடுங்கள். இறந்தகாலத்திலும் புட் தான், ‘புட்டட்’ என்பது கோல்ஃப் ஆட்டத்துக்குரிய வேறொரு வினை.

கேள்வி (தெஹிவளை வாசகர் ஒருவர்): மகள் ‘புட் ஓஃப் த லைற்’ என்கிறாள், மனைவி ‘ஓஃப் த லைற்’ என்கிறார். எது சரி? பஸ்ஸில் ஒரு முதியவர் கண்டக்டரிடம் ‘புட் மீ ஓஃப் அட் பம்பலப்பிட்டி’ என்றார், அதுவும் ஆங்கிலம்தானா?

பதில்: மகள் சொல்வது பிழை இல்லை, லைற்றை நூர்ப்பதற்கும் புட் ஓஃப் பாவிக்கலாம். ஆனாலும் ‘டேர்ன் ஓஃப்’, ‘சுவிட்ச் ஓஃப்’ இரண்டும்தான் எங்கும் புழங்குபவை. ஓஃப்பையே வினையாக்கி ‘ஓஃப் த லைற்’ என்பது எங்கள் பக்கத்து ஆங்கிலம், வீட்டுக்குள் யாருக்கும் விளங்கும், நேர்முகத் தேர்வில் வேண்டாம். நெருப்பு, சிகரெட், மெழுகுதிரி என்றால் ‘புட் அவுட்’. பஸ் முதியவர் பேசியது அசல் பிரிட்டிஷ் வழக்கு, இறக்கிவிடுங்கள் என்று அர்த்தம். இந்தக் காலத்துக் கண்டக்டரிடம் ‘ட்ரொப் மீ’ என்றால் சீக்கிரம் மணி அடிப்பார்.