விளையாட்டுக் கன்சோலில் உள்ள கேமரா நம்மை எப்போதும் கவனிக்கிறதா?

கன்சோல் கேமரா என்பது நம் உடல் அசைவைப் பார்த்து விளையாட்டுக்குள் கொண்டுசெல்லும் கருவி. பலவற்றில் மைக்கும் சேர்ந்தே இருக்கும். 2010இல் வந்த மைக்ரோசாஃப்டின் கினெக்ட் பலரும் அறிந்தது.

அச்சத்தின் வேர் இதுதான்: குரல் கொடுத்ததும் கருவி விழிக்க வேண்டுமென்றால், அது முன்பே காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கண்ணை மூடிப் படுத்திருக்கும் காவலாளியை நினைத்துப் பாருங்கள். தன் பெயர் காதில் விழ வேண்டுமானால், வீட்டில் பேசும் மற்றப் பேச்சும் அவர் காதில் விழத்தான் செய்யும். கேட்டதை அங்கேயே மறந்துவிடுகிறாரா, வெளியே போய்ச் சொல்கிறாரா என்பதே நம் கவலை. அதனால் எந்தப் பதிவு இணையம் வழியே நிறுவனத்துக்குப் போகிறது என்பதைக் கன்சோலின் செட்டிங்ஸ் பகுதியில் பார்த்துவிடுங்கள்.

கினெக்ட்டை இணைக்காமல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் இயங்காது என்றுதான் 2013இல் முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது என்பேன். தனியாக இணைக்கும் கேமராவாக இருந்தால், விளையாடாத நேரத்தில் ஒயரைக் கழற்றிவிடுவதே உறுதியான வழி.

விளக்கை அணைத்துவிட்டால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கினெக்ட் பயன்படுத்துவதால் இருட்டிலும் ஆள் இருப்பதை அதனால் உணர முடியும்.