வீட்டை இடித்த ஜல்லியை ரூஃபுக்குப் போடலாமா?

கேள்வி: வேளச்சேரியில் 40 வருஷப் பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். இடிபாட்டை உடைத்துப் புது ரூஃப் கான்கிரீட்டுக்கே ஜல்லியாகப் போட்டுவிடலாம், செலவு மிச்சம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: ரூஃபுக்கு வேண்டாம். மேஸ்திரி சொல்வதில் பாதிதான் சரி.

ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிர்ணயம் 2016 திருத்தத்தில் இடிபாட்டு ஜல்லிக்கு இடம் கொடுத்தது. ஆனால் அதை இரண்டாகப் பிரித்தது. கான்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்ததைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம். அதுவும் எம்25 என்ற வலுத் தரம் வரைதான். செங்கல், ஓடு, பூச்சு கலந்ததற்கு அங்கே இடமே கிடையாது. எம்15-க்கும் கீழான, வலு குறைந்த கான்கிரீட்டில் மட்டும் முழுக்கப் போடலாம். அந்தக் காலத்து வீட்டில் செங்கல் சுவர்தானே அதிகம்? உங்கள் குவியல் பெரும்பாலும் இந்த இரண்டாம் ரகம்.

காரணம் தண்ணீர். பழைய ஜல்லியில் ஒட்டியிருக்கும் காரை தண்ணீரைக் குடிக்கும், செங்கல் அதைவிட அதிகமாகக் குடிக்கும். கலவை வறண்டதுபோலத் தெரிந்ததும் ஆட்கள் இன்னொரு வாளி ஊற்றுவார்கள். வலு அங்கேதான் போகிறது. எங்கே போட்டாலும் முந்தின நாளே நனைத்து, நீரை வடியவிட்டுக் கலக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு எதிரி பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஃபால்ஸ் சீலிங். அதிலுள்ள ஜிப்சம் கலந்தால் நாளடைவில் கான்கிரீட் உப்பி வெடிக்கும். இடிக்க ஆரம்பிக்கும் முன்பே அதையும் கதவு, ஜன்னல், டைல்ஸையும் கழற்றிவிடுங்கள். தூண், பீம், ரூஃப் உடைத்தது ஒரு குவியல், செங்கல் ஒரு குவியல். கம்பி பழைய இரும்புக் கடைக்கு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் அதிர்ஷ்டம்: செங்கல் முழுசாகக் கழன்று வரும், காம்பவுண்ட் சுவருக்கு ஆகும். சிமென்ட் காரை என்றால் பாதி உடைந்துதான் வரும்.

உடைந்ததைக் கொண்டு பேஸ்மென்ட்டை நிரப்பலாம். அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மூடினால் பின்னால் தரை இறங்கும். தரைக்கு அடியில் சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8 அளவில் போடும் பிசிசிக்கும் (கம்பியில்லாக் கான்கிரீட்) ஆகும், உங்கள் இன்ஜினியர் ஒப்புக்கொண்டால்.

அப்புறம் மீதி. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் இடிபாடு அரைக்கும் ஆலைகள் உள்ளன. பெருங்குடி உங்களுக்குப் பக்கம்தான். லாரிக்காரர் ராத்திரியில் பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரம் கொட்டிவிடாமல், ஆலையில் இறக்கிய ரசீதைக் கொடுத்த பிறகு வாடகையைக் கொடுங்கள்.