ஆறு நாள், ஆறாயிரம் வருடம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். சில மாதங்களாக என் மனைவி இங்கே ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். அங்கே சுவர் நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். படைப்பு ஆறு நாள், ஒரு நாளுக்கு ஆயிரம் வருடம், ஆக ஆதாமிலிருந்து ஆறாயிரம் முடிந்தது, இனி கிறிஸ்து திரும்பி வந்து ஆளும் ஆயிரவருட அரசாட்சிதான் என்று படம் போட்டிருக்கிறார்கள். "வருகை வாசலில் நிற்கிறது, பெண்ணின் படிப்புக்குக் கடன் எதற்கு?" என்கிறார் போதகர். பெருவெடிப்பைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை. கிறிஸ்தவம் இதைத்தான் சொல்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஃப்ளெக்ஸ்தான் புதிது, கணக்கு பழசு. இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித இரனேயு இதை எழுதியிருக்கிறார். அடுத்து வந்த ஹிப்போலிட்டஸ் என்ற திருச்சபை எழுத்தாளர், ஆதாமுக்கு 5500 வருடம் கழித்து கிறிஸ்து பிறந்தார் என்று வைத்தார். அப்படியானால் முடிவு கி.பி. 500 வாக்கில். அவர் அதைச் சொன்னது பயமுறுத்த அல்ல, "இன்னும் நாள் கிடக்கிறது, பதறாதீர்கள்" என்பதற்காக. அவர் காலத்திலும் பதறியவர்கள் இருந்தார்கள். கருங்கடல் கரையில் போந்து நாட்டுச் சபைத் தலைவர் ஒருவர் கனவு கண்டு, ஒரு வருடத்துக்குள் நியாயத்தீர்ப்பு என்றாராம். ஜனங்கள் வயலை உழாமல் போட்டார்கள், சொத்தை விற்றார்கள். வருடம் போனது, தீர்ப்பு வரவில்லை. விற்றுத் தின்றவர்கள் கையேந்தி நின்றதை ஹிப்போலிட்டஸே பைபிளின் தானியேல் நூலுக்கு எழுதிய உரையில் எழுதிவைத்திருக்கிறார். உங்கள் போதகருக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

500 கடந்ததும் கணக்கு நிற்கவில்லை. திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் வழிவந்த கணக்கில் கிறிஸ்து பிறந்தது ஏறத்தாழ 5200இல், ஆகவே கெடு 800 வாக்கில். பீட் என்ற ஆங்கிலேயத் துறவி 703இல் மறுபடி கூட்டிப் பார்த்து, படைப்பிலிருந்து கிறிஸ்து வரை 3952 வருடம்தான் என்றார், மதத்துரோகி என்ற பழியைச் சுமந்தார். ஆயர் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கில் படைப்பு கி.மு. 4004. அதன்படி ஆறாயிரம் 1997லேயே முடிந்துவிட்டது. ஐந்தொகையை, அதாவது வருடக் கடைசிக் கணக்கை, முதலில் எழுதிவிட்டு அதற்கேற்பப் பேரேட்டில் பற்று வரவு போட்டால் செட்டிநாட்டில் எந்தக் கடையில் வேலை தருவார்கள்? (நம் புராணக் கணக்கில் பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருடம். அதைக் கேட்டு இங்கே யாரும் கடன் வாங்குவதை நிறுத்தியதாகத் தெரியவில்லை.)

படைப்பின் நாட்களுக்கு வருகிறேன். ஆதியாகமத்தில் சூரியன் நான்காம் நாள்தான் வருகிறது. சூரியனே இல்லாமல் முதல் மூன்று நாளுக்கு மாலையும் காலையும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டார். ஆறு நாளுக்கும் 'சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி' என்று முடிகிற வாசகம் ஏழாம் நாளுக்கு இல்லை. அகுஸ்தீனார் இதைக் கூர்ந்து கவனித்தார். கடவுள் ஒரே கணத்தில் படைத்தார், நாட்கள் நம் இருபத்துநாலு மணி நேரமல்ல என்பது அவர் முடிவு. டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் இது! இருபத்துநாலு மணி நேரம்தான் என்று லூத்தர் போன்ற பெரியவர்களும் சொன்னார்கள், அதுவும் கிறிஸ்தவத்துக்குள் ஒரு கட்சிதான்.

'கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும்' என்ற வசனம் பேதுருவின் இரண்டாம் கடிதத்தில் வருவது. வருகை எங்கே என்று கேலி செய்தவர்களுக்குச் சொன்ன பதில் அது. 'போல' என்பதை விட்டுவிட்டு அதை வாய்ப்பாடாக்குவது வம்பு. ஆயிரவருட அரசாட்சி வெளிப்படுத்தல் 20இல் இருக்கிறது. அகுஸ்தீனார் அதைத் திருச்சபையின் காலமாகவே வாசித்தார், உங்கள் குடும்பம் வளர்ந்த மரபும் ஏறத்தாழ அதுதான். விசுவாசிகள் திடீரென்று வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று இப்போது புழங்கும் இரகசிய வருகை வரைபடம் 1830களில் டார்பி என்ற போதகரிடம் உருவாகி, 1909இல் விளக்கக் குறிப்புகளோடு வந்த ஸ்கோஃபீல்ட் பைபிள் வழியாகப் பரவியது.

பெருவெடிப்பை விட்டுவிடுங்கள். மனைவியோடு உட்கார்ந்து மத்தேயு 24:36ஐயும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தையும் முழுசாக வாசியுங்கள். முதலாவது, அந்த நாள் பிதாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்கிறது. இரண்டாவதில், கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கலங்குகிறவர்களைப் பவுல் தேற்றுகிறார், அதே கடிதத்தில் வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கண்டிக்கிறார். கல்விக் கடனுக்கு விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.