திரும்பி வந்த காசோலை

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங்கின் 'எனக்கொரு கனவு உண்டு' உரையில் அந்த ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. பேச்சுப் போட்டியில் நான் அப்படிச் செய்தால், "சொன்னதையே சொல்கிறாய்" என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். அவருக்கு மட்டும் எப்படி எடுபட்டது?
- ஒரு கல்லூரி மாணவி

பதில்: கனவுக்கு அப்புறம் வருவோம். முதலில் உரையின் முன்பாதியைக் கேளுங்கள். ஒலிப்பதிவை முதன்முறை கேட்டபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அங்கே வரும் காசோலைதான்.

1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் சுமார் இரண்டரை லட்சம் பேர். வேலையும் விடுதலையும் கேட்டு நடந்த பேரணி அது. கிங் சொல்கிறார்: இந்த நாட்டை நிறுவியவர்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று புரோநோட்டு எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பின மக்களுக்கோ, 'கணக்கில் போதிய பணம் இல்லை' என்று காசோலை திரும்பி வந்துவிட்டது. ஆனால் நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்பதை நாங்கள் நம்ப மறுக்கிறோம்.

எவ்வளவு யோசித்துக் கட்டிய உவமை! சலுகை கேட்டு வருபவரிடம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிவிடலாம். கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடு வந்து நிற்பவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? கேட்டுக்கொண்டிருந்த வெள்ளையர்களை ஒரே நொடியில் கடன்பட்டவர்களின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். ஒரு வசைச்சொல்கூட இல்லாமல்.

சரி, உங்கள் கேள்வி. வந்த சொல்லோ பொருளோ மறுபடி மறுபடி வருவதை நம் இலக்கணத்தில் பின்வருநிலையணி என்று படித்திருப்பீர்கள். கிங்கிடம் வரி மாறாது, அதன் பின்னால் வருவது மாறும். 'எனக்கொரு கனவு உண்டு' எட்டு முறை வருகிறது. ஒரு முறை ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகள், ஒரு முறை மிசிசிப்பி, ஒரு முறை தன்னுடைய நான்கு குழந்தைகள், ஒரு முறை அலபாமா. அந்தத் தென்மாநிலப் பெயர்களைக் கேட்டவர்களுக்கு அவை வெறும் பெயர்கள் இல்லை. அந்த ஜூன் மாதம்தான் மிசிசிப்பியில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மே மாதம் அலபாமாவின் பர்மிங்காமில் ஊர்வலம் போன பிள்ளைகள் மேல் தீயணைப்புக் குழாய்களைத் திருப்பியிருந்தார்கள். அதே மண்ணில் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் கைகோத்து நடப்பார்கள் என்று சொல்வதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! எட்டு முறையும் கூட்டம் புதிதாகத்தான் கேட்டது.

உங்கள் பேச்சை எடுத்துப் பாருங்கள். திரும்பச் சொல்லும் வரிக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் ஒரு புது முகமோ இடமோ வருகிறதா? வராவிட்டால் நடுவர் சொன்னது சரிதான்.

இன்னொன்று. கிங்கின் கையில் இருந்த எழுத்துப் பிரதியில் கனவுப் பகுதியே கிடையாது. மேடையருகே இருந்த பாடகி மஹேலியா ஜாக்சன், "அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள், மார்ட்டின்" என்று குரல் கொடுத்தார் என்பார்கள். அதன் பிறகு தாளைப் பார்க்காமல் பேசினார். ஆனால் திடீரென்று வாயில் வந்த சொற்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாதம் முன்பு டெட்ராய்ட்டிலும் அவர் இதே கனவைச் சொல்லியிருந்தார்.